ஆறாவது வானக்கல்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அக்காவை எங்கே விட்டோம்? பட்டறையின் நடுவில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி, நின்ற இடத்திலேயே. அருங்காட்சியகத்திலிருந்து பேசிய குரல் மரியாதையாகத்தான் பேசியது. "நெக்லஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி ஏழு கல்லையும் சோதிச்சுப் பார்ப்போம். எப்பவும் செய்யறதுதான். நாளைக்கு நாலு மணிக்கு வந்துடுங்க."

எப்பவும் செய்யறதுதானாம்!

இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவள். அவள் தம்பி அந்தக் கல்லைத் தங்கத்தில் பதிக்கிறவன். டீச்சரம்மா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு தாய், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன தன் மகள் தேடிக் கண்டெடுத்த விண்கல்லை இவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். இரும்புப் பலகையில் பச்சைக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தது மாதிரி ஒரு கல். அந்தப் பச்சைக்கு நகைக்கடையில் பெரிடாட் என்று பெயர். பூமியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் இது வானத்திலிருந்து விழுந்தது. ஏழு பச்சைகளை மகளே பேனாவால் வட்டமிட்டு, ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு வைத்திருந்தாள். அந்த ஏழையும் வெட்டி நெக்லஸாக்கி, மகள் பெயரில் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஏழில் ஆறாவது கல் அக்காவின் கையில் உடைந்துபோனது. அந்த இடத்தில் அவள் வைத்தது பூமிக் கல். பதினெட்டு நாளாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்துவிட்டது. இன்றைக்கு நாலு மணிக்கு அவளுக்குப் பதிலாக ஒரு கருவி சொல்லிவிடும்.

*

காலை ஒன்பது மணி. பட்டறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். கடைக்குப் பின்னால் ஒரு நீள அறை. ஜன்னலோரம் அக்காவின் சக்கரம். எதிர்ச்சுவரில் தம்பியின் மேசை. நடுவில் ஓர் ஆள் போகலாம், அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. அந்த இடுக்கில்தான் பதினாறு வருடமாக இருவரும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு வருகிறார்கள்.

அக்கா சக்கரத்தைப் போடவில்லை. மனசை வேறெங்கோ வைத்துக்கொண்டு பட்டை போட்டால் கல் கோணிவிடும். மடியில் கைப்பை. கைப்பைக்குள் மருந்து வந்த ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. புட்டிக்குள் நாலு பச்சைத் துண்டுகளும் ஒரு சிட்டிகைத் தூளும்.

உடைந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. கல்லை ஒரு குச்சியின் நுனியில் அரக்கு உருக்கி ஒட்டினால்தான் சக்கரத்தில் பிடிக்க முடியும். ஒட்டுவதற்கு முன் கல்லையும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்குவது வழக்கம். இருபது வருடம் மாணிக்கத்தோடும் நீலத்தோடும் பழகிய கை அவளுடையது. அவை சூட்டைச் சட்டை செய்வதே இல்லை. பெரிடாட் அப்படி இல்லை, தொலைவில் பிடித்து மெதுவாகத்தான் காட்ட வேண்டும். முதல் ஐந்து கல்லுக்கு அந்தக் கவனம் இருந்தது. ஆறாவது கல்லின்போது ஒரு தும்மல் நேரம் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நானூற்றைம்பது கோடி வருடம் வானத்தில் சுற்றி, எரிந்துகொண்டே பூமியில் வந்து மோதியும் உடையாதது, ஒரு சின்ன விளக்குக்கு முன்னால் நாலாக உடைந்தது.

அப்புறம் நடந்ததற்கு விளக்கைக் குற்றம் சொல்ல முடியாது. இவர்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. அருமையான கல் வந்தால் அதைத் தம்பியிடம் அடிக்கடி கொடுத்து அளவு பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அதே அளவில், அதே பட்டையில், சாதாரணக் கல்லில் ஒரு ஜோடிக் கல் வெட்டிவிடுவாள் அக்கா. தம்பி அந்த ஜோடியை வைத்துத் தங்கக் கூடு செய்வான். கூடு சரியாக அமைந்த பிறகே அசல் உள்ளே போகும். டீச்சரம்மாவின் கற்களுக்கும் அப்படி ஏழு ஜோடிகள் இருந்தன. தம்பியின் இழுப்பறையில், ஏழு குழி கொண்ட ஒரு தட்டில். தம்பி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆறாவது குழியிலிருந்து அக்கா எடுத்துக்கொண்டாள். எந்தக் கொம்பனாலும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. வெட்டிய அவளாலேயே முடியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பட்டாணி அளவுக் கல்லை மறைக்கலாம் என்று நினைத்தாள், பாவம்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்." தம்பி திரும்பவில்லை. நெக்லஸின் கொக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நெக்லஸ்ல ஒரு கல்லு வானத்துக் கல்லு இல்லடா. என் கையில உடைஞ்சு போச்சு. ஜோடிக் கல்ல எடுத்து உன்கிட்ட கொடுத்துட்டேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். சுத்தியலைத் தூக்கி எறிவான், எழுந்து வெளியே போவான் என்றெல்லாம் நேற்றிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். அவனோ துணியை மடித்து வைத்தான். எழுந்து போய்க் கடைப் பக்கத்துக் கதவைச் சாத்தினான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்குத்தான். இப்போதான்."

"அப்போ அது என்னோட நிக்கட்டும்."

"நாலு மணிக்கு மெஷின் சொல்லிடும்டா!"

"எல்லாத்தையும் எங்க பார்க்கப் போறாங்க? ஒண்ணு ரெண்டு பார்ப்பாங்க, சரின்னு கையெழுத்துப் போடுவாங்க. உனக்கு ஆபீஸ்காரங்களைத் தெரியாது."

"ஏழும்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க. சொல்றதெல்லாம் செய்யறாங்களா? ஆறாவது கல்லு ஒண்ணுக்காக முழு நெக்லஸையும் தெருவுல போடச் சொல்றியா?"

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் டீச்சரம்மாகிட்ட சொல்லிடறேன்டா. மெஷின் சொல்றதுக்கு முன்னாடி என் வாயால சொல்லிடணும். அந்தம்மா கல்லுன்னா நினைக்கறாங்க? பொண்ணுன்னு நினைக்கறாங்க. முதல் நாள் வந்தப்போ அந்தக் கல்லை மேசையில வைக்கவே மனசில்லாம மடியிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களே, நீ பார்க்கல?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"நுணலும் தன் வாயால கெடும். நீ மட்டும் கெட்டாப் பரவாயில்ல. என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போவ."

"உன் பேரை நான் எதுக்கு எடுக்கப் போறேன்? தப்பு என்னோடது. நீ எதுக்குடா பயப்படற?"

தம்பி அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். வாய் வரைக்கும் வந்த எதையோ விழுங்கிவிட்டான்.

"வாயைத் திறக்காத, அக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

பதினாறு வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

*

சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வாயாடி வந்தாள். தம்பியின் மனைவிதான். வந்த முதல் வாரத்திலேயே இந்த வீடு வைத்த பெயர் அது. கடையில் முன்னால் நின்று வியாபாரம் பார்ப்பவள் அவள். வாங்க வராதவரும் அவள் பேச்சைக் கேட்டு எதையாவது போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"என்ன, கதவெல்லாம் சாத்தியாச்சு? எனக்குத் தெரியாம பங்கு பிரிக்கறீங்களா? அண்ணி, என்ன கண்ணு சிவந்திருக்கு? தூசியா? இந்த ரூம்ல தூசிக்கா பஞ்சம்? நான் மத்தியானமே ரெடியாகிடுவேன், டீச்சரம்மா கார்லயே போயிடலாம்னு சொல்லிட்டாங்க. அருங்காட்சியகத்துல நம்ம நகை! எங்க அம்மா வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

தம்பி கொக்கியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். பளபளவென்று இருந்த கொக்கி.

வாயாடி டீயை வைத்தபோது அவள் விரலில் இருந்த மோதிரம் அக்காவின் கண்ணில் பட்டது. மோதிரம் பத்து நாளாக அவள் கையில்தான் இருக்கிறது. அக்கா அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. சொந்தக் கவலை வந்துவிட்டால் அடுத்தவர் விரலை யார் பார்க்கிறார்கள்? தொழில்காரியின் கண் என்பதால் இப்போது தானாகக் கல்லுக்குப் போனது. பச்சைதான். ஆனால் மங்கல், தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்த கண்ணாடிச் சில்லு மாதிரி.

"இதென்ன கல்லு இவ்வளவு செத்துக் கிடக்கு? கழட்டிக் கொடு, ஒரு தடவை பாலிஷ் போட்டுத் தரேன்."

"அது அப்படியே இருக்கட்டும்." தம்பி சட்டென்று சொன்னான்.

"கழட்டறதா? நல்லா சொன்னீங்க அண்ணி! போட்ட நாள்லேர்ந்து கழல மாட்டேங்குது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கற மனுஷன், பொண்டாட்டி விரலுக்கு அளவெடுக்கல. பதினோரு வருஷத்துல தானா மனசு வந்து செஞ்சு கொடுத்தது இது ஒண்ணுதான். அதுவும் ஒரு நம்பர் சின்னது! சோப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன். போகட்டும், கட்டினவரும் கழல மாட்டேங்கறாரு, மோதிரமும் கழல மாட்டேங்குது."

அவள் சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒதுக்கின கல்லில் ஒன்றை எடுத்து மனைவிக்குப் பதித்திருக்கிறான், கஞ்சன், என்று நினைத்துக்கொண்டு அக்கா டீயைக் குடித்தாள். அதுவும் ஆறிப்போயிருந்தது.

*

இரண்டு மணிக்கு டீச்சரம்மா வந்தார். தானே காரோட்டி வந்தார். இஸ்திரி போட்ட உடை, புதுச் செருப்பு. செருப்பு கடிக்கிறது என்பது நடையிலேயே தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல முதல் நாள் மாதிரி இருக்கும்மா. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று அக்கா வாயைத் திறந்தாள்.

"நேரமாச்சு டீச்சரம்மா, கிளம்பலாம்," என்றான் தம்பி.

நகைப்பெட்டியோடு அவன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். அக்காவும் வாயாடியும் பின்னால். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அக்கா ஒரு முறை தொண்டையைக் கனைத்தாள். ஒவ்வொரு முறையும் தம்பி எதையாவது கேட்டான். பெட்ரோல் போதுமா என்றான். பின் சக்கரத்தில் காற்று குறைவோ என்றான். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் காரைப் பற்றி அத்தனை பேசியது வாயாடிக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது சிவப்பு விளக்கில் டீச்சரம்மா ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பின்னால் நீட்டினார்.

"நேத்துதான் கிடைச்சுது. அவளோட மழைக்கோட்டுப் பையில. ஏழு கல்லைப் பத்தியும் எழுதி வச்சிருக்கா பாரு. கல்லா இருந்தாலும் குணம் பார்க்காம விட மாட்டா."

அக்கா திறந்தாள். சாய்ந்த, அவசரமான கையெழுத்து.

*ஒன்று: அழகு, திமிரும் உண்டு. இரண்டு: உள்ளே ஊசி ஊசியாகக் கோடு, அதுதான் வானத்து முத்திரை. மூன்று: அம்மாவுக்கு. நான்கு, ஐந்து: இரட்டைப் பிறவி. ஆறு: இதை நம்பாதே, விரிசல் இருக்கும். ஏழு: குட்டி.*

அக்கா ஆறாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இதை நம்பாதே. அந்தப் பெண் உயிரோடு இருந்தால் அக்கா அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள்.

"மூணாவது பார்த்தியா?" டீச்சரம்மா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக் கேட்டார். "வேற ஒண்ணும் எழுதல. 'அம்மாவுக்கு', அவ்வளவுதான். எனக்கு வெட்டித் தரணும்னு நினைச்சிருக்கா. நோய் முந்திடுச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த மூணாவதை மட்டும் ஒரு நிமிஷம் கையில வச்சுக்கறேன்னு கேட்கப் போறேன். கொடுப்பாங்க இல்ல?"

"கொடுக்காம?" என்றாள் வாயாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நல்லவேளை, உடைந்தது மூன்றாவது இல்லை என்று அக்கா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

*

அருங்காட்சியகம் என்றால் நமக்கெல்லாம் முன்வாசல்தான் தெரியும். இவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். சீட்டு ஒட்டிய மரப்பெட்டிகள், தரை கழுவிய மருந்து நெடி, ஒரு நீள பெஞ்சு. அதன் எதிரே ஒரு வெள்ளைக் கதவு. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண்தான்.

"பயப்படாதீங்க, கல்லுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். "பூமியில கிடைக்கற பெரிடாட்டுல நிக்கல் நிறைய இருக்கும். வானத்துல இந்தக் கல்லைச் சுத்தி இரும்பு இருந்துச்சு இல்லையா, அது நிக்கலை முன்னாடியே இழுத்துக்கும். அதனால இதுல கம்மியா இருக்கும். கல்லுக்குப் பத்து நிமிஷம்."

"ஏழுமா பார்ப்பீங்க?" என்றான் தம்பி.

"ஏழும். கூட்டைத் தனித்தனியா கழட்டணும், நீங்களே உள்ள வந்துடுங்களேன்."

தம்பி உள்ளே போனான். கதவு மூடுவதற்கு முன் ஒரு முறை அக்காவைத் திரும்பிப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தான்.

கதவு மூடியது. மணி நாலு ஐந்து.

வாயாடி மரப்பெட்டிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டார். எத்தனை நிமிடம் போனது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு கல் முடிந்திருக்கும். இரண்டு முடிந்திருக்கும். ஆறாவதற்கு ஒரு மணி நேரம். அதற்குள் சொன்னால் அது ஒப்புக்கொள்வது. அதற்கப்புறம் சொன்னால் பிடிபட்டவள் புலம்புவது.

அவள் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். டீச்சரம்மாவின் வெறுங்காலுக்குப் பக்கத்தில்.

"டீச்சரம்மா, ஆறாவது கல்லு உங்க பொண்ணோடது இல்ல."

டீச்சரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா?"

"என் கையில உடைஞ்சு போச்சு. சூடு ஜாஸ்தியாயிடுச்சு. என் தப்புதான், கல்லு மேல தப்பில்ல. சொல்ல தைரியம் வரல. அதே மாதிரி பூமிக் கல்லு ஒண்ணை வச்சு அனுப்பிட்டேன். பதினெட்டு நாளா உங்க முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

வாயாடி படிப்பதை நிறுத்தினாள்.

டீச்சரம்மா ஒரு விஷயம் செய்தார். காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். அக்காவின் உடம்பு தன்மேல் படாதபடி. திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

"அவளைப் புதைச்ச அன்னிக்கு நான் அழல," என்றார். "கல்லு இருக்கேன்னு தைரியமா இருந்தேன். தெரியுமா உனக்கு?"

அக்கா கைப்பையைத் திறந்தாள். புட்டியை எடுத்து நீட்டினாள்.

"தூக்கிப் போடல டீச்சரம்மா. எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். விளக்கடியில சிதறின தூளையும் ஈரத்துணியால தொடைச்சு, காயவச்சு எடுத்தேன். கொஞ்சம் துணியில போயிருக்கும். மீதி எல்லாம் இதுல இருக்கு."

டீச்சரம்மா புட்டியை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நாலு துண்டுகளும் பச்சையாக மினுங்கின. கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்தது.

"இதை நம்பாதேன்னு எழுதியிருந்தா. அவ சொன்னா எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

"என்ன தண்டனை வேணா கொடுங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். இது ஒண்ணுதானா? வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. இதைத் தாங்கிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"ஒண்ணுதான் டீச்சரம்மா." அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அரக்கு பட்டுக் கறுத்த விரல் நுனிகள். "எனக்குச் சோறு போடற கை இது. இந்தக் கை மேல சத்தியம். ஆறாவது ஒண்ணுதான்."

டீச்சரம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட காலை மெதுவாகப் பழைய இடத்தில் வைத்தார்.

"எழுந்து மேல உட்காரு. தரை ஜில்லுனு இருக்கு," என்றார்.

பதினெட்டு நாளில் முதல் தடவையாக அக்காவால் முழுதாக மூச்சு விட முடிந்தது. வாயாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிவிட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணி," என்றாள், சின்னக் குரலில்.

*

ஐந்தரைக்கு வெள்ளைக் கதவு திறந்தது. ஆய்வாளர் முன்னால் வந்தாள். தம்பி அவளுக்குப் பின்னால், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு," என்று ஆய்வாளர் ஆரம்பித்தாள். "அஞ்சு கல்லு வானத்துலேர்ந்து வந்ததுதான், சந்தேகமே இல்ல. ஆனா..."

"ஆறு," என்று திருத்தினார் டீச்சரம்மா. முப்பது வருடம் கணக்குத் திருத்திய குரல். "ஆறாவது மட்டும்தான் பூமிக் கல்லு. இந்தப் பொண்ணு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம்."

ஆய்வாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"ஆறாவது சரிதான்மா. ஆனா மூணாவதும் பூமிக் கல்லுதான். எனக்கே சந்தேகம் வந்து ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்."

டீச்சரம்மா திரும்பினார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"அந்தக் கை மேலதானே சத்தியம் பண்ணின?"

அக்கா இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். மூன்றாவதை அவள் வெட்டினாள், ஒரு கீறல் இல்லாமல் தம்பியிடம் கொடுத்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் காலையில் அவன் பேசியது ஞாபகம் வந்தது. *ஆறாவது கல்லு ஒண்ணுக்காக முழு நெக்லஸையும்...* ஒரு கல் என்றுதானே அவள் சொன்னாள்? எந்தக் கல் என்று அவள் சொல்லவே இல்லையே! ஆறாவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஜோடிக் கற்களின் தட்டைத் திறந்து, ஆறாவது குழி காலியாக இருப்பதைப் பார்த்திருந்தால் தெரியும். வேலை முடிந்த பிறகு அவன் ஏன் அந்தத் தட்டைத் திறக்க வேண்டும்?

அவனுக்கும் ஒரு ஜோடிக் கல் தேவைப்பட்டிருந்தால் திறப்பான்.

"மூணாவது எங்க?" டீச்சரம்மா கேட்டார். இடது கையில் புட்டி. வலது கையை விரித்து அக்காவின் முன் நீட்டினார். "அதுவும் உடைஞ்சிருந்தா பரவாயில்ல. அதோட தூளையாவது கொடு. அதுதான் அம்மாவுக்கு."

அக்காவின் கண் தானாகப் போனது. வாயாடியின் விரலுக்கு. மங்கலான அந்தப் பச்சைக்கு. ஆசிட் தின்ற பெரிடாட் அப்படித்தான் இருக்கும். எத்தனை பாலிஷ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும், இருபது வருட அனுபவம் எதற்கு இருக்கிறது?

"எல்லாம் முடிஞ்சப்புறம் கூட்டுல கல்லைப் பிடிக்கற கம்பி ஒண்ணு முறிஞ்சுது," தம்பி பேசினான். யாரைப் பார்த்தும் பேசவில்லை. "கல்லைக் கழட்டாமயே நெருப்புல ஊதி ஒட்டவச்சு, கறுப்புப் போக அப்படியே ஆசிட்ல போட்டுட்டேன். வைரத்துக்கு அப்படித்தானே செய்வோம். எடுத்துப் பார்த்தா செத்துப் போயிருந்துச்சு. ஜோடியை எடுக்கலாம்னு தட்டைத் திறந்தேன். ஆறாவது குழி காலி. அக்காவே செஞ்சிருக்கா, நான் செஞ்சா என்னன்னு தோணுச்சு." கதவுச் சட்டத்தை நகத்தால் சுரண்டினான். "தூக்கிப் போட மனசு வரல. வானத்துலேர்ந்து வந்தது இல்லையா? இவளுக்கு இதுவரைக்கும் நான் ஒண்ணுமே கொடுத்ததில்ல."

வாயாடி அவனைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு, நீட்டியபடி இருந்த டீச்சரம்மாவின் கையைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறை. மோதிரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. திருகினாள். விரலை வாயில் வைத்து நனைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். கணுவின் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"விடும்மா, விடு," என்றாள் ஆய்வாளர், பதறிப்போய்.

அவள் விடவில்லை. டீச்சரம்மாவும் கையை மடக்கவில்லை. மோதிரம் கணுவைத் தாண்டி வரவில்லை.